சூடானா நின்னுடும்

"சூடானா நின்னுடும்" என்றே
எட்டு மாதம் ஓட்டியிருக்கிறார் ஃபௌஸான்.
காலையில் டிக் டிக் டிக்,
தீவு விரைவுச்சாலையில் ஏறுவதற்குள் அமைதி.
குணமாகிவிட்டதாக அர்த்தமில்லை.
இரும்பு வீங்கி ஓட்டையை மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

காக்கி புக்கிட், நான்காம் மாடி, கடைசிப் பட்டறை.
வெப்பத் தகட்டைக் கழற்றினால்
கேஸ்கெட் ஓரமெல்லாம் கரி,
ஓயாமல் புகைத்தவன் உதடு மாதிரி.
எட்டு ஸ்டட்டில் ஆறு இருக்கிறது.
ஒன்று நட்டோடு சேர்ந்து கையில் வந்தது.
இன்னொன்று பின்மூலையில், டர்போவுக்கு அடியில்,
ஹெட்டின் தோலுக்கும் உள்ளே முறிந்து கிடக்கிறது.
கண்ணுக்குத் தெரியாது. விரல்நுனிக்குத் தெரியும்.
மூன்று வெள்ளிக்கு வாங்கிய பல் டாக்டர் கண்ணாடி
இதற்குத்தான்.

முதல் நாள் எண்ணெய் விட்டேன், வீட்டுக்குப் போனேன்.
இரண்டாம் நாளும் எண்ணெய்.
ட்ரில் போடலாமே என்றான் லியோங்.
ஒரு இம்மி சாய்ந்தால் அலுமினியம் போச்சு,
ஹெட் போச்சு, என் சம்பளமும் போச்சு.

மூன்றாம் நாள் வெல்டிங்.
முறிந்த முகத்தின்மேல் ஒரு வாஷர், அதன்மேல் ஒரு நட்,
நடுவில் நீலப் பொறி.
ஆறவிட்டுத் திருப்பினேன். நட் மட்டும் வந்தது.
மறுபடியும் நட் மட்டும்.
ஐந்தாவதில் திட்டினேன்,
தமிழில், பிறகு ஹொக்கியனில்.
ஆறாவதில் ஒன்றும் சொல்லவில்லை.

அது ஒரு சத்தம் போட்டது,
கூட்டத்தில் பேசாமலே உட்கார்ந்திருந்த ஆள்
தொண்டையைச் செருமுவது போல.
கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே,
கொஞ்சம் எண்ணெய், மறுபடி கால் சுற்று,
வியர்வை கண்ணில் இறங்க இறங்க
வெளியே வந்தது
கட்டைவிரல் நகம் நீளத்துக்கு ஒரு கரித்துண்டு.
படம் எடுத்து அனுப்பினேன்.
"இவ்வளவு சின்னதா?"
ஃபௌஸானின் முழுப் பதிலும் அதுதான்.

சிஓஇ முடிய இன்னும் பதினோரு மாதம்.
அதற்கப்புறம் இந்தக் கார் எடைக்குப் போகும்.
இருந்தாலும் மற்ற ஆறையும் மாற்றினேன்.
நடுவில் தொடங்கி ஓரத்துக்கு,
இரண்டு சுற்றாக, டார்க் ரெஞ்ச் க்ளிக் என்னும்வரை.
பதினோரு மாதத்துக்கு என்று
தனியாக ஒரு முறுக்கு கிடையாது.

இன்று காலை ஏழு மணி. என்ஜின் ஜில்லென்று இருக்கிறது.
ஃபௌஸான் ஸ்டார்ட் செய்தார்,
தலையைச் சாய்த்துக் கேட்டார்,
மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"ஓடுதா?"
ஓடுது.
பணத்தை ஃபோனில் தட்டிவிட்டு
கண்ணாடியை இறக்கினார்.
"ஏசியில ஒரு முனகல் இருக்கு.
ஆனா பரவாயில்ல,
குளிர்ந்தா நின்னுடும்."