முப்பத்தெட்டு சென்டிமீட்டர்

பேரூராட்சித் தீர்மானம் எண் பதினேழு:
பூவத்தங்காடு பழைய எஸ்டேட்டில்
வங்கி விட்டுவைத்த நாலு ஏக்கரில்
ஒரு பூங்கா.
ஊர் மறுபடி தழைக்கும் என்றும் எழுதியிருந்தது.
வரைபடம் நான் போட்டேன்.

ஒன்றுக்கு இருநூறு அளவில்
புது ஆற்றின் கடைமடை வாய்க்கால்
என் மேசையில் ஒரு நீலக்கோடு.
வருஷத்தில் நாற்பது நாள் அது நீலம்.
மற்ற நாளில் கோடு.

தரையில் தூர்கள் அப்படியே கிடந்தன.
புயல் முறித்த தென்னைகளுக்கு
நிவாரணக் கணக்குக்காக யாரோ
வெள்ளைப் பெயிண்டில் இட்ட எண்கள்:
412, 413, அப்புறம் 415.
414 எங்கே என்றேன்.
"அது வீட்டு மேல கெடந்துச்சு சார்,
வீட்டுக் கணக்குல சேத்துட்டாங்க"
என்றார் பக்கிரிசாமி,
டேப்பின் மறுமுனையைப் பிடித்தபடி.

நடைபாதை நானூறு மீட்டர்,
அறுகோணக் கல்.
செயற்கை நீரூற்று ஒன்று
(மாவட்டத்தில் யாருக்கோ நீரூற்று பிடிக்கும்).
'ஐ லவ் பூவத்தங்காடு' எழுத்துகள்,
பின்னால் சிவப்பு விளக்கு.
புங்கன் பன்னிரண்டு, மகிழம் எட்டு.
தென்னை கூடாது,
தலையில் விழும் என்று சுற்றறிக்கை.

கருத்துக் கேட்புக் கூட்டம்
மூடிப்போன கயிறு ஆலையில் நடந்தது.
இருபத்து மூன்று பேர்.
காய் சுமந்தவர்கள், கயிறு திரித்தவர்கள்,
சும்மா மின்விசிறிக்கு வந்த இரண்டு பேர்.
மின்விசிறி ஓடவில்லை.

ஜபருல்லா கேட்டார், உள்ளே டீக்கடைக்கு டெண்டர் உண்டா.
கவுன்சிலர் ஜெபமாலை கேட்டார்,
கக்கூஸ் சாவி யாரிடம் இருக்கும்.
பின்வரிசைப் பையன் கேட்டான்,
இதனால எத்தன பேருக்கு வேலை?
காவலாளி ஒருவர், தோட்டக்காரர் ஒருவர் என்றேன்.
"ரெண்டு" என்று விரலை மடக்கினான்.
மற்ற விரல்கள் நீட்டியபடியே இருந்தன.

பிறகு காத்தாயி எழுந்தார்.
வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.
"இந்த வட்டம் என்னா?"
நடக்கறதுக்குப் பாதைம்மா, உடம்புக்கு நல்லது.
"தோப்புக்கும் களத்துக்கும் முப்பது வருசம் நடந்தாச்சு.
உடம்புக்கு எது நல்லதுன்னு தெரியும்.
ஒக்கார எடம் போடு."

மாதிரி இருக்கை ஆலை வாசலில் இருந்தது.
உட்காருங்கள் என்றேன்.
உட்கார்ந்தார்.
கால் தரையைத் தொடவில்லை.
விளிம்புக்கு நகர்ந்து, பெருவிரலை ஊன்றி,
எந்த நேரமும் எழச் சொல்லிவிடுவார்கள் என்பதுபோல்
இருந்தார்.

மும்தாஜ் பேகத்தை உட்காரச் சொன்னேன்.
அவருக்கும் அப்படித்தான்.
சுமை அழுத்தியதா, பிறப்பே அப்படியா,
எனக்குத் தெரியாது.
தெரிந்தது நாற்பத்தைந்து சென்டிமீட்டர்,
விலைப்பட்டியலில் அச்சிட்ட உயரம்.

டேப்பை வாங்கி மண்ணில் மண்டியிட்டேன்.
குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை.
முப்பத்தேழு. முப்பத்தெட்டரை. முப்பத்தாறு.
கூச்சத்தில் யாரோ சிரித்தார்கள்,
புடவையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்,
"எனக்கும் அளந்துக்க" என்று வரிசை நின்றது.

அன்றிரவு நீரூற்றை அழித்தேன்.
பாதையைப் பாதியாகக் குறைத்தேன்.
இருக்கைகள் இருபத்திரண்டு,
நாலுமணி நிழல் விழும் பக்கம்,
சாய்மானத்தோடு.
எழுத்துகளை அழிக்க முடியவில்லை,
அதற்குத் தனி நிதி.

கோப்பு தஞ்சாவூர் போனது.
ஐப்பசி மழையில் நனைந்த உறையோடு திரும்பியது.
சிவப்பு மையில் ஒரே கேள்வி:
இருக்கை உயரம் 45 என்பது 38 ஆனது ஏன்?
விளக்கம் தருக.

கீழே இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.

காத்தாயி, 37.
மும்தாஜ் பேகம், 38.5.
ஞானசௌந்தரி, 36.
ராக்கம்மாள், 39, இடதுகால் மட்டும்.

இடம் போதவில்லை.
பின்பக்கம் பார்க்க
என்று எழுதினேன்.