வால் இலக்கம்

இரத்மலானை. காலை ஏழரை.
மதிலுக்கு அப்பால் புல்லுக்குள் நிற்கிறது டகோட்டா,
வலப்பக்கக் காற்றாடி இரண்டு இதழோடு.
இடப்பக்கம் எஞ்சினே இல்லை;
அந்த ஓட்டைக்குள் மைனாக்களின் குடித்தனம்.

நிஸ்தார் ஏணியைப் பிடிக்க
மதிலுக்கு மேலால் வாலைப் படமெடுக்கிறேன்.
மேலே வெள்ளைப் பூச்சு, வெடிப்புக்குள் பச்சை,
அதற்கும் கீழே,
வெயில் சாய்ந்து விழும் கொஞ்ச நேரம் மட்டும்,
ஓர் எட்டு.
அல்லது மூன்று.

"எட்டென்றால் கராச்சியில் விற்றது.
மூன்றென்றால் ரங்கூனுக்குக் கிட்ட விழுந்தது,"
கொப்பியைப் புரட்டுகிறான்.
விழுந்தது எப்படியடா இங்கே நிற்கும்?
"வால் மட்டும் மூன்றாக இருக்கலாம், மச்சான்.
உடம்பு வேறை."

சிரித்துக்கொண்டிருக்கையில் காவலாளி வந்தான்.
கமராவைப் பார்த்தான். ஐ.சி. கேட்டான்.
நிஸ்தாருடையதைத் திருப்பிக் கொடுத்தான்,
என்னுடையதை வைத்துக்கொண்டான்.
மயில்வாகனம் என்று வாசிக்கப் பார்த்து
பாதியில் விட்டான்.
பிறகு முழங்காலில் கொப்பியை வைத்து
என் இலக்கத்தை எழுதினான்,
ஒவ்வோர் எண்ணாக, பேனையை அழுத்தி.

ஏணியில் நின்றபடி எட்டிப் பார்த்தேன்.
எட்டை மூன்று மாதிரித்தான் எழுதுகிறான்.

நான் திருத்தவில்லை.