நிமிடத்துக்கு நாற்பத்தாறு

பிப்ரவரி. லியபாயாவில் கடல்
கரையோரம் மட்டும் உறைந்து கிடக்கிறது.
இருபத்திரண்டு நரம்புக் கருவிகளுக்கு
மெதுவான இசை ஒன்று எழுதித்தர வேண்டும்.
ஏழு நிமிடம்.
முன்பணம் வாங்கியாயிற்று,
பாதி, கூரை ஒழுகலுக்குப் போயுமாயிற்று.

தாளின் தலையில் முதலில் எழுதியது வேகத்தைத்தான்:
நிமிடத்துக்கு நாற்பத்தாறு.
எழுதிய பிறகே உறைத்தது,
ஐகார்ஸின் இதயத்துக்கு அனுமதியில்லாத வேகம் அது.

தோளெலும்புக்குக் கீழே
தீப்பெட்டியைவிடச் சிறியதாய் ஒன்றைத் தைத்திருக்கிறார்கள்.
ஐம்பதுக்குக் கீழே இறங்க விடாது.
இதயம் மறந்துபோனால் தட்டி எழுப்பும்,
இரவுப் பணிச் செவிலிபோல, கோபமில்லாமல்.
அதிலிருந்து ஒரு கம்பி நரம்பு வழியே உள்ளே போகிறது.
டபுள் பாஸின் தடித்த தந்தியைக்
கையில் வைத்துக்கொண்டு அதை நினைத்தால்
விரல் கூசுகிறது.

இரவில் அவன் முதுகில் காது வைத்துப் படுக்கிறேன்.
அன்பு என்று நினைத்துக்கொள்கிறான்.
பாதி அன்புதான்.
மீதி, எண்ணிக்கை.
ஐம்பது. ஐம்பது. ஐம்பது.
"வந்ததா?" என்கிறான் சுவரைப் பார்த்தபடி.
வரவில்லை.
"அப்படியானால் விளக்கை அணை."

முப்பது வருடம் கப்பல் தளத்தில் பற்றவைத்தவன்.
கச்சேரிக்கு வந்தால்
நாற்காலிக் கால்களில் விரிசல் தேடுவான்.

துயரமாக எழுதுவது சுலபம்.
வயலின்களை உயரே ஏற்று,
செல்லோக்களை அழவிடு,
கடைசியில் எல்லாரையும் சன்னமாக்கு,
கைக்குட்டைகள் தானாக வெளிவரும்.
அப்படி ஒன்றை ஒரே மாலையில் எழுதினேன்.
காலையில் படித்தால்
சர்க்கரைப் பாகு ஊற்றிய மத்தி மீன்.
கிழிக்கவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

பின்பக்கத்தில் வயோலாக்களுக்கு
ஒரே ஒரு சுரம் எழுதினேன்.
தாழ்ந்தது. யாரும் கவனிக்காத உயரம்.
ஒன்பது தாளவட்டம் அசையாமல் நிற்க வேண்டும்,
மற்றவர்கள் அதன்மேல் வரலாம், போகலாம்.

மார்ச்சில் ஒத்திகை,
மீன் ஆலையின் பழைய உணவுக்கூடத்தில்.
இன்னும் வாசனை போகவில்லை.
சுங்க அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஜித்ரா
வயோலாவை மடியில் சாய்த்துச் சொன்னாள்:
"இவ்வளவு நீளச் சுரத்துக்கு என்னிடம் வில் இல்லை.
உங்களிடம் இருந்தால் கடன் கொடுங்கள்."
எல்லாரும் சிரித்தார்கள். நானும்,
கொஞ்சம் தாமதமாக.

முக்கால் மீட்டர் குதிரைமயிர்,
எவ்வளவு கஞ்சமாய்ச் செலவழித்தாலும் தீர்ந்துவிடும்.
நான்கு பேரும் தலைகுனிந்து பேசிக்கொண்டார்கள்.
மறுபடி வாசித்தபோது
ஒருத்தி வில்லைத் திருப்புகையில் மூவர் பிடித்திருந்தார்கள்,
பிறகு இன்னொருவர், பிறகு இன்னொருவர்.
திரும்புவது கண்ணுக்குத் தெரிந்தது.
கண்ணை மூடினேன், தெரியவில்லை.
இல்லை, ஓர் இடத்தில் தெரிந்தது.
நூலில் முடிச்சு நெருடுவதுபோல.

தாள்தாங்கிகளைத் தூக்க வந்திருந்த ஐகார்ஸ்
கடைசி மேசையிலிருந்து, கேட்காமலே, சொன்னான்:
"குச்சி தீர்ந்து புதுசு மாட்டினால்
விட்ட இடத்தில் தொடங்கக் கூடாது.
அங்கேதான் பின்னால் உடையும்.
கொஞ்சம் முன்பு போட்டதன் மேலேயே ஏறித் தொடங்கணும்."
ஜித்ரா அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
வயோலாத் தாளில் பென்சிலால் எழுதினேன்:
சற்றுப் பின்னாலிருந்து.

ஏப்ரலில் விழாக் குழுவின் கடிதம்.
ஏழு நிமிடம் என்றுதான் பேச்சு.
ஐம்பதில் வாசித்தால் சரியாக ஏழு.
நாற்பத்தாறில் முப்பத்தாறு நொடி மிஞ்சுகிறது.
குறைக்க முடியாது என்று பதில் எழுதினேன்.
காரணம் கேட்டிருந்தார்கள்.
அந்த வரிக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

சமையலறையில் உருளைக்கிழங்கு சீவுகிறான்.
அறுபத்தெட்டு, எழுபது,
விழித்திருக்கும் மனிதனின் வேகம்.
முனையில் திரும்பும் டிராம் வழக்கம்போல் கிறீச்சிட்டது.
கத்தி நின்றது.
பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தேன்.

பிறகு,
சற்றுப் பின்னாலிருந்து,
தொடங்கியது.