நானூற்றுப் பதினேழு

பையிலிருந்ததைத் தட்டில் கொட்டினான் தானெல்:
இரண்டு செண்ட் காசு, அறுந்த ஜிப்பின் முனை,
குளவிக் கூட்டில் ஒரு துண்டு.
"கூடு இரும்பில்லை" என்றான்.
இல்லைதான். இருந்தும் வெளியே வைத்தேன்.

தார்த்துவில் ஜனவரி. நாலு மணிக்கே இருட்டு.
எமாயோகி ஆறு உறைந்து கிடக்கிறது.
இந்த வெள்ளைக் குழாய்க்கு மட்டும் எல்லாப் பருவமும் ஒன்று.
அசையாதே என்று சொல்வது என் உத்தியோகம்.
பதினோரு வருடமாய்ச் சொல்கிறேன்;
என் மகளிடம்தான் பலித்ததில்லை.

மூன்று வேலை அவனுக்கு.
இரண்டு சொற்கள் ஒலி ஒத்தால் வலது பொத்தான்.
பிறகு கழித்தல்.
பிறகு எட்டுக் கட்டத்தில் உருவம், ஒன்பதில் ஓட்டை:
ஓட்டைக்கு எது பொருந்தும்?

வாசிப்பு, கணக்கு, புத்தி என்று
பள்ளிக்கூடம் மூன்று மதிப்பெண் போடுவதை
மாரிகா ஒரே தரையில் நிறுத்திப் பார்க்கிறாள்.
நூற்று நாற்பது பிள்ளைகளின் படங்களை
எண்ணெய்த்தாள்போல் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி
மூன்று நிறமும் கலந்து வெளுக்கும் இடத்தில்
வட்டமிடுகிறாள்.
இடக் காதுக்கு மேலே, சற்றுப் பின்னால்
ஒரு மடிப்பு. அவரை விதை அளவு.

எரிகிறது என்பார்கள். எதுவும் எரிவதில்லை.
ரத்தம் போய்ச் சேர்கிறது, அவ்வளவே,
ஐந்தாறு வினாடி தாமதமாக,
பந்தி முடிந்தபின் வரும் உறவுக்காரரைப்போல.

கழித்தலின் நடுவே பொத்தான் நின்றுபோனது.
கண் திறந்தே இருந்தது, கேமராவில் பார்த்தேன்.
தலை ஒரு மயிரிழைகூட நகரவில்லை.
சரியா என்று கேட்டேன்.
கட்டைவிரல் மட்டும் உயர்ந்தது.

வெளியே இழுத்ததும் கேட்டான்:
"எத்தனை தடவை தட்டியது தெரியுமா?
நானூற்றுப் பதினேழு.
நூறுக்கு ஒருமுறை கொஞ்சம் திக்குகிறது.
நீங்கள் கவனித்ததில்லையா?"

அவன் ஆசிரியை அனுப்பிய தாளில்
நீல மையில் எழுதியிருந்தது: வாசிப்பு, மந்தம்.
கணக்கு, மந்தம். கவனம்,
அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும்.

நாற்பதில் ஆறு சரி.
விதிப்படி நீக்கம், என்றாள் மாரிகா.
அவளைக் குறை சொல்ல மாட்டேன்;
ஆளுக்கொரு விதி என்றால் அது ஆய்வாகாது.

கோப்பை மூடுமுன்
அவன் படத்தை அவள் வட்டத்தின்மேல் வைத்தேன்.
கேட்காத கணக்குக்கும்
ரத்தம் அங்கேதான் வந்திருந்தது.
ஒரு பிள்ளை சாட்சியாகாது. தெரியும்.
நான் விசை அழுத்துகிறவள், அறிஞர் இல்லை.
யாரிடமும் சொல்லவில்லை.

குளவிக் கூட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனான்.
காசை விட்டுவிட்டான்.

எல்லோரும் கிளம்பியபின்
தலைக்குப் பதில் நீர்க்குடுவையை வைத்து
எந்திரத்தை ஓடவிட்டேன்.
தட். தட். தட்.
அறுபத்துமூன்றில், அல்லது நான்கில்,
மகளுக்குப் பால் வாங்க வேண்டும் என்று நினைத்தேன்.

மறுபடி ஒன்றிலிருந்து.