எட்டில் ஏழாவது

இன்டர்நேஷனல் சிட்டி, சைனா கிளஸ்டர் பார்க்கிங்.
பகல் ஷிப்ட்காரன் வந்து சாவி வாங்கும்வரை
டாக்ஸிக்குள்ளேயே கிடப்பேன்.
பன்னிரண்டு மணி நேரம் மடங்கிய இடுப்பு
நிமிர மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

பைத்தியங்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.
ஒரு ஆள் பின்பக்கமாகவே நடந்து போகிறார்,
எட்டுக்கு ஒரு கைதட்டல்.
இரண்டு பெண்கள் தங்கள் கைகளையே
கடன்காரனை அறைவதுபோல் அறைந்துகொள்கிறார்கள்,
தோளிலிருந்து மணிக்கட்டுவரை.
கட்டிப்பிடிக்க மரம் கிடைக்காத ஒருவர்
விளக்குக் கம்பத்துக்கு முன்னால்
கைகளை வளைத்தபடி நிற்கிறார்
இருபது நிமிடம்.
வெயிட்டிங் போட்டால் பத்துத் திர்ஹம்.

கரடி, குரங்கு, கொக்கு என்று
ஐந்து பிராணி ஆகிறவர்கள் ஒரு கூட்டம்.
தண்ணீருக்கடியில் சண்டை போடுகிற மாதிரி
மெதுவாய்க் காற்றை வெட்டுகிறவர்கள் இன்னொன்று.
டைல்ஸ் கடை குவோவுக்கும்
லைட் கடை தாங் மெய்லானுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.
அவர் இருபத்து நாலு அசைவுக் கட்சி,
இவள் எட்டுப் பட்டுத்துண்டுக் கட்சி.
ஆளுக்கொரு ஸ்பீக்கர்.
நடுவில் ஒரு கார் நிற்கிற இடைவெளி.

நான் பட்டுப் பக்கம் ஒதுங்கியதில்
தத்துவம் ஒன்றும் இல்லை.
அது பன்னிரண்டே நிமிடம்.

பெயர் கேட்டாள். சீனி உதுமான்.
சீனி என்றால் சர்க்கரை,
உங்கள் நாட்டுச் சரக்கு என்பதால் அந்தப் பெயராம் என்றேன்.
கைபேசி அதை எப்படி மொழிபெயர்த்ததோ,
'எங்களால் வந்த நோயா, நாங்களே பார்த்துக்கொள்கிறோம்'
என்று பதில் வந்தது.
இரத்தத்தில் அப்போது இருநூற்றெண்பது.

ஒன்று, இரு கையால் வானத்தைத் தாங்கு.
இரண்டு, வில்லை வளைத்துப் பருந்துக்குக் குறிவை.
மூன்று எனக்கு இன்னும் கைவரவில்லை.
நாலு, திரும்பிப் பின்னால் பார்,
பட்ட காயமெல்லாம் அங்கேயே கழன்றுகொள்ளும்.
நாளெல்லாம் கண்ணாடியில் பின்னால் பார்க்கிறவனுக்கு
இது ஒரு புதுசா?
புதுசுதான் என்று நறுக்கென்றது கழுத்து.

ஏழாவதுதான் விவகாரம்.
குதிரைமேல் இருப்பதுபோல் கால் அகட்டு.
முஷ்டி மடக்கு. கண்ணை விரித்து முறை.
யாரை?
யாரையும் இல்லை, முறை, என்றது கைபேசி.

பதினோரு வருடம்.
ஏசி பத்தவில்லை, எஸ் சார்.
இந்த வழி ஏன் வந்தாய், சாரி மேடம்.
சீட்டில் வாந்தி எடுத்துவிட்டுக்
கதவை அறைந்து போனவனுக்கும் தேங்க்யூ சார்.
முறைத்தால் கம்ப்ளெயின்ட்,
கம்ப்ளெயின்ட் வந்தால் சம்பளத்தில் கை.
முகத்துக்கு அந்த வேலையே மறந்துபோயிருந்தது.
புருவத்தை நெரித்தேன்,
சிரிப்புதான் வந்தது.
பக்கத்தில் நர்ஸ் ஷீஜாவுக்கும் அதே பாடு.
நைட் டூட்டிக்குத் தைத்துக்கொண்ட புன்னகை
தையல் பிரிய மாட்டேன் என்கிறது.
டிரெய்லர் ஓட்டுகிற குல் ரகுமானுக்கு மட்டும்
முதல் நாளே அருமையாய் வந்தது.

ஆகஸ்டில் கண்ணாடியெல்லாம் வேர்த்து வழிந்தபோதும்
கூட்டம் குறையவில்லை.
சலூன் பெண்கள் வந்தார்கள், மணிலாக்காரிகள்.
டூட்டியை விட்டு நகரக் கூடாத உகாண்டா காவலாளி ஒகெல்லோ
கேட்டிலேயே நின்று
குதிகாலை மட்டும் தூக்கித் தூக்கி வைத்தான்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை
கட்டட மேனேஜர் காரில் வந்தார்,
கூட்டம் கூடாது, பாட்டுக் கூடாது என்று சொல்ல.
வந்த நேரம் ஏழாவது.
கண்ணாடியை இறக்கினார்.
நாற்பது பேர், நாற்பது மொழி இல்லாத முகம்,
முஷ்டி மடக்கி, விழி பிதுங்க.
கண்ணாடியை ஏற்றினார்.
சத்தியமாய் அவரை இல்லை.
ரிவர்ஸில் போனதை நான் பார்த்தேன்,
என்னைவிட நன்றாகவே எடுத்தார்.

மறுநாள் நோட்டீஸ் ஒட்டியிருந்தது, ஸ்பீக்கருக்குத் தடை.
குவோ தன் ஆட்களோடு இந்தப் பக்கம் வந்து நின்றார்,
தாங் பக்கம் பார்க்காமலே.
இப்போது எண்ணிக்கை அவரவர் வாய்க்குள்.
நான் ஆறு என்கையில் ரகுமான் ஐந்தில் இருப்பான்,
மூச்சு மட்டும் எப்படியோ ஒன்றாய் இறங்கும்.

எட்டாவது, குதிகாலை உயர்த்திப் பொத்தென்று விடு.
ஏழு தடவை. நூறு நோய் உதிருமாம்.
எனக்கு உதிர்ந்தது எதுவென்று தெரியாது,
சீனி நூற்றெழுபதுக்கு வந்திருக்கிறது.
எண்பது குதிகால் தாரில் விழுந்த அதிர்ச்சியில்
இன்று ஏதோ ஒரு கார் அலாரம் அலறியது.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
திரும்பிப் பார்ப்பது நாலாவது,
அது அப்போதே முடிந்துவிட்டது.