முள் நிற்கும் இடம்

அறுவடைக்கு முந்தைய வாரம்
இட்டாட்டா பள்ளத்தாக்கின் தராசுகளைச் சோதிப்பது என் வேலை.
வண்டியின் பின்னால் இருபது கிலோ எடைக்கற்கள் பத்து.
ஒன்றோடொன்று முட்டிப் பேசிக்கொள்ளாதபடி
கம்பளியில் சுற்றிவைத்திருக்கிறேன்.
விரல்ரேகைக்கும் எடை உண்டு என்பார் சில்லான் அலுவலகத்து அதிகாரி.
கையுறையோடுதான் தூக்குகிறேன்.

ஞிப்பாஸ்.
ரயில் நின்றுபோன நடைமேடையில்
யாரோ தக்காளி காயவைத்திருந்தார்கள்.
சங்கத்துத் தராசு சரியாக இருந்தது.
சரியாக இருப்பதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை,
முத்திரை ஒட்டினேன்.
செயலாளர் டெல்மிரா ஒரு குலையை முன்னால் வைத்து
'இதையாவது எடை போடாமல் சாப்பிடு' என்றாள்.
தோல் தடிப்பு. விதை கசப்பு.
நடுவில் இருந்தது சர்க்கரை.

பிறகு மண்பாதை.
மேலே பைன் காடு, போன கோடையில் எரிந்தது,
இன்னும் கறுப்பு.
கறுப்பு முடிகிற இடத்தில் கொடிகள் தொடங்குகின்றன.
பந்தல் இல்லை, கம்பி இல்லை,
இடுப்பளவுக் குட்டையாய்
ஒவ்வொன்றும் தன் காலில்.
நெருப்பு எதுவரை வந்து பார்த்துவிட்டுப் போனது என்பதை
இங்கே யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

போர்த்தெசுவேலோவில்
கொள்முதல்காரன் பால்டோவினோவின் முற்றம்.
புது மின்தராசு, பச்சை எண்கள்.
நூறு வைத்தால் நூறு. இருநூறு வைத்தால் இருநூறு.
ஒரு கிராம் பிசகவில்லை.
அதற்கு மேலே கரும்பலகை:
கிலோவுக்கு நூற்றைம்பது என்பதை அழித்து
நூற்றிருபது என்று எழுதியிருந்தது.
சரியாக அழிக்கவில்லை, பழைய எண்ணும் தெரிந்தது.
அந்தப் பலகையைச் சோதிக்க
என்னிடம் கல் இல்லை.
முத்திரை ஒட்டினேன்.

கோயலேமுவில் மதியம், மழைத்தூறல், ரொட்டி.
ரொட்டிக்கடைத் தராசையும் பார்த்தேன்.
பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மாலையில் குவாரிலிவே.
ஒதிலியா செபாயோஸின் கிடங்கு,
பழைய மேடைத்தராசு, பெரிய வட்டமுகம்.
இருபது வைத்தேன்.
முள் இருபதைத் தாண்டி
அறுநூறு கிராம் தள்ளிப் போய் நின்றது.
நாற்பது வைத்தேன். ஒரு கிலோ இருநூறு.
பறிக்கிறவர்களுக்குக் கூலி எடைக்கணக்கில்.
ஆற்றுக்கு அந்தப்பக்கத்திலிருந்தெல்லாம்
முதலில் இவள் தோட்டத்துக்கு ஏன் வருகிறார்கள் என்று
அப்போதுதான் புரிந்தது.

'நிலநடுக்கத்தில் தரை சாய்ந்தது' என்றாள்.
'தராசும் கூடவே சாய்ந்துகொண்டது.
எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும்.
தெரியும் என்று யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.'

பிழை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிழை.
யாருடைய பக்கம் என்று கேட்கிற பத்தி
என் சட்டப் புத்தகத்தில் இல்லை.
மரத்துண்டு செருகி மேடையை நிமிர்த்தினேன்,
திருகைத் திருப்பினேன்.
இருபது, இருபதாயிற்று.
வாசலில் காலிக் கூடையோடு நின்ற பையன்
முள்ளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
மறுபடியும் முள்ளை.

ஒதிலியா சுண்ணாம்புக்கட்டி எடுத்தாள்.
சுவரில் வகுத்தாள், அடித்தாள், மறுபடி வகுத்தாள்.
'கிலோவுக்கு இரண்டு பெசோ கூட' என்றாள்,
பல்லைப் பிடுங்கக் கொடுப்பவள் குரலில்.
பிறகு என்னிடம்:
'இத்தனை வருஷம் பூமி கொடுத்தது.
இனி நான் கொடுக்க வேண்டும்.
அடுத்த வருஷமும் எனக்கு இதே மனசு இருக்குமா, சொல்.'

கோப்பை நீட்டினாள். வேலையில் இருக்கிறேன் என்றேன்.
'வேலையைத்தான் முடித்துவிட்டாயே.'

இறக்கத்தில் இருட்டிவிட்டது.
கம்பளியைச் சரியாகச் சுற்றவில்லை போலும்,
ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் கற்கள்
என்னவோ சொல்லிக்கொண்டே வந்தன.

விடுதியில் படிவத்தை நிரப்பினேன்.
பிழையின் அளவு: நூற்றுக்கு மூன்று.
பிழையின் காரணம் என்ற கட்டத்தில்
ரொம்ப நேரம் பேனா நின்றது.
தரை, என்று எழுதினேன்.