பெரிய ற

சிவகாசியில் பஸ் ஏறும்போது
பையில் ஒரு பொட்டலம் கல்லுப்பு வைத்திருந்தேன்.
"தேனிலவுக்குப் போறவ
உப்பைக் கட்டிக்கிட்டுப் போறா" என்று
பைண்டிங் பிரிவே சிரித்தது.
அட்டைப்பூச்சி பற்றி
ஏதோ ஒரு டைரிக்குப் பிழை பார்த்தபோது
படித்தது நினைவிருந்தது எனக்கு.

ஊட்டி வேண்டாம் என்றுவிட்டார்.
படகு, குதிரை, தொப்பி போட்ட போட்டோ எல்லாம்
முதல் தடவைக்காரர்களுக்கு.
தேவாலாவுக்குக் கீழே ஒரு காட்டைக் காட்டினார்
போன் வரைபடத்தில்.
ஏன் என்றேன்.
பச்சையா இருக்கு என்றார்.

எங்களுக்குப் பச்சை என்பது
டப்பாவில் வரும் மை.
காலண்டர் முருகனுக்குப் பின்னால்
மலையாக அப்புவது.
இங்கே அது சொட்டுகிறது,
மரத்தின் மேல் மரமாக ஏறிப் படுத்திருக்கிறது,
செருப்புக்குள் வருகிறது,
மூச்சை இழுத்தால் நாக்கில் ஒட்டுகிறது.

கல்யாணமாகிப் பதினோரு நாள்.
சாப்பிட்டாச்சா. ஆச்சு.
ஃபேன் போடவா. போடுங்க.
அவருக்கு ஐம்பத்தொன்று,
எனக்கு நாற்பத்தாறு.
கட்டிலின் மேல் துண்டை மடித்து
இரண்டு அன்னங்கள் செய்து வைத்திருந்தார்கள்.
மழையில் வந்த தலையைத் துவட்ட
அவர் ஒன்றைப் பிரித்துவிட்டார்.
மற்றது ராத்திரி முழுக்க
நடுவில் உட்கார்ந்திருந்தது.
'காலை உனவு இலவசம்' என்ற அட்டையில்
ஒரு சுழி சேர்த்துவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் நடந்தோம்.
வேர்கள் சுவராக எழும்பிய மரங்கள்.
தலைக்கு மேல் இருவாச்சி கடந்தது,
ஆஃப்செட் மிஷின் தாளை விழுங்கும் அதே சத்தம்.
எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது.
என்ன என்றார்.
சொன்னேன். அவரும் மேலே பார்த்தார்,
பறவை போய்விட்டிருந்தது.

இருட்டிய பிறகுதான்.
திரும்பும் வழியில் ஜீப்பை நிறுத்தி
விளக்கை அணைத்தார் சைதலவி.
"பெரியவர் நிக்கறார்.
பேசக்கூடாது. டார்ச் கூடாது."
முன்னால் ஒன்றும் தெரியவில்லை.
இருட்டு மட்டும் ஓரிடத்தில்
கொஞ்சம் கெட்டியாக இருந்தது.
பலாப்பழம் பிளக்கும் வாசனை,
நிதானமாக மெல்லும் ஓசை,
நடுவில் ஒரு பெருமூச்சு, வீட்டு மனிதர் விடுவதுபோல.

எவ்வளவு நேரமோ.
என் இடது உள்ளங்கையை
அவர் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.
ஆள்காட்டி விரலால் எழுதினார்.
ப.
ய.
மா.
பிறகு கையை வேட்டியில் துடைத்து
இ, று, க், கா.

இருபத்திரண்டு வருஷ வேலை.
ர வரவேண்டிய இடத்தில் ற வந்தால்
கண் தானாக நின்றுவிடும்.
இப்போது கை நின்றது.
ஒரு வளைவு அதிகம்,
கீழே ஒரு வால்.
சிவப்பு மையில் வட்டம் போட வேண்டிய பிழை.

நான் இறுக்கினேன்.

அவர் திடுக்கிட்டதும் தெரிந்தது,
பிறகு திடுக்கிடாததும்.
அதற்கப்புறம் கணுக்கால் பக்கம் ஏதோ ஊர்ந்தது.
அவர் கையை அங்கே கொண்டுபோனேன்.
ஒன்று. விரலிடுக்கில் இன்னொன்று.
பொட்டலத்தைப் பல்லால் பிரித்தேன்,
இருட்டில் அவர் உப்பைத் தேய்க்கத் தேய்க்க
எரிந்தது. சத்தமே போடவில்லை.
அவருடைய முழங்காலுக்குக் கீழே
நான் ஏழு எண்ணினேன்.

யானை எப்போது போயிற்றென்று
எங்களுக்குத் தெரியாது.
சைதலவி வண்டியைக் கிளப்பி
"பயந்துட்டீங்களா சேச்சி?" என்றார்.

காலையில் பார்த்தால் விரிப்பெல்லாம்
பொட்டுப் பொட்டாக ரத்தம்.
அட்டை கடித்த இடம் லேசில் நிற்காதாம்.
போர்வை மாற்ற வந்த பையன்
எங்களைப் பார்க்காமல்
ஜன்னலைப் பார்த்து நின்றான்.
அவர் அவனிடம் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்,
அட்டை, யானை, ஜீப், உப்பு என்று,
வரிசையே இல்லாமல்.

விட்டுவிட்டேன்.
எதையும் திருத்தவில்லை.